அது மற்ற டொக்டரின்ரை விசயம்

ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். அதை நான் மறுப்பதில்லை. காலையில் காதில் விழுந்த செய்தியை மத்தியானத்துக்குள் நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட என்னைப் போய், கோப்பாயில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அக்கா தன் ஒரே கூட்டாளியாகத் தெரிந்தெடுத்தது ஏன் என்று நெடுநாள் விளங்கவில்லை. ஒருநாள் நேரேயே கேட்டுவிட்டேன்.

"நீ எல்லாத்தையும் சொல்லிப் போடுவாய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதாலை உன்னட்டை என்ன சொல்லக்கூடாதெண்டும் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுறவையோடைதான் கரைச்சல்" என்றார்.

அக்கா எனக்கு இரத்த உறவு இல்லை. கலியாணம் கட்டவில்லை. தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். தமையன் ஒருவர் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். "சுகமோ?" "சுகம் அண்ணை." அதோடு கதை முடிந்துவிடும்.

அவருடைய தொழில் கலியாண வீடுகளுக்குப் பலகாரம் சுடுவது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்னர் நல்ல நேரம் பார்த்துப் பலகாரச் சூடு வைப்பார்கள். இனசனப் பெண்கள் எல்லோரும் வந்து கூடுவார்கள். ஆனால் பயித்தம் பணியாரத்துக்கு மாவின் பதம் பார்க்கவும் அரியதரத்துக்குப் பாகு இறக்கவும் ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் பல வீடுகளுக்கு அந்த ஆள் அக்காதான். அடுப்படியில் பெண்கள் கூடினால் வாய் சும்மா இருக்குமா? சம்பந்தம் பேசியபோது நடந்த இழுபறி, மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லாமல் மறைத்த நோய் வருத்தம், மாமிக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டை எல்லாம் அந்த எண்ணெய்த் தாச்சியைச் சுற்றித்தான் வெளியே வரும். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். "அப்படியோ" என்பார். மறுகிழமை வேறொரு வீட்டில் யாராவது, "அங்கை என்னவாம் நடந்தது?" என்று தோண்டினால், "எண்ணெய் காயுது, கதையை விட்டிட்டு உருண்டையைத் தாங்கோ" என்பார்.

ஒருமுறை பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அக்காவே பலகாரம் சுட்டார். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ பெரிய பிரச்சினை. எனக்கு அதை அறியாமல் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்க் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், தேங்காய் துருவிக் கொடுத்தேன், பாத்திரம்கூடக் கழுவினேன். எல்லாம் முடிந்ததும் அக்கா ஒரு பேணி முறுக்கைத் தந்து, "கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் குடு" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் முறுக்கை நானே தின்றேன்.

இந்தக் குணத்தை ஊர் கொண்டாடியது. அக்காவை எந்த வீட்டுக்குள்ளும் விடலாம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

அக்காவுக்கு வந்த நோய் வருத்தங்களில் முதலாவது தைரொயிட். கழுத்து கொஞ்சம் வீங்கியது. குரல் கரகரத்தது. சித்திரை வெயிலில், எரிகிற அடுப்புக்கு முன்னால், தோளில் துவாயைப் போர்த்துக்கொண்டு "குளிருது" என்றார். என் ஸ்கூட்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லிக் குளிசை கொடுத்தார்கள். அடுத்து விரல் நுனிகளில் வெள்ளை படரத் தொடங்கியது. அதற்குத் தோல் கிளினிக். பிறகு மூட்டுகள். காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. முறுக்கு உரலைப் பிழிய முடியாமல் போனது. அதற்கு இன்னொரு கிளினிக், பட்டணத்தில்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் அக்கா ஒரு துணிப்பை வைத்திருந்தார். தைரொயிட் பைக்குள் மூட்டுக் குளிசை போகாது. மூட்டுக்குப் போகும் நாளில் மற்ற இரண்டு பைகளும் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும். ஒழுங்கான மனுசி, குழம்பிவிடக்கூடாது என்று பிரித்து வைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் மூட்டுக் கிளினிக்கில் அவரோடு உள்ளே போனேன். டொக்டர் விரல்களை அமத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். பிறகு, "வேற ஏதும் வருத்தம் இருக்கோ அம்மா? வேற மருந்து எடுக்கிறியளோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்றார் அக்கா.

நான் முழங்கையால் இடித்தேன். அக்கா என் காலை மிதித்தார். வெளியே வந்ததும் வாகை மரத்தடியில் வைத்துச் சண்டை பிடித்தேன்.

"ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்? தைரொயிட் இருக்கெண்டு சொல்லுறதுக்கு என்ன?"

"அது மற்ற டொக்டரின்ரை விசயம்."

"ஒரு உடம்புதானே அக்கா!"

"அந்த ஐயா எவ்வளவு அக்கறையாப் பாக்கிறார். அவர் தாற மருந்தை இவரட்டைக் கொண்டுவந்து காட்டினா, அவரிலை நம்பிக்கை இல்லாமல் இங்கை வந்து கதைக்கிற மாதிரி வராதே? ஒரு வீட்டு விசயத்தை மற்ற வீட்டிலை கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உனக்குத் தெரியும்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. ஆசுபத்திரிகளையும் அவர் கலியாண வீடுகளாகத்தான் பார்த்தார். ஒவ்வொரு டொக்டரும் ஒரு வீட்டுக்காரர். அந்தந்த வீட்டில் உண்டதை அந்தந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். பகிடி பண்ணிச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், இனி ஸ்கூட்டியில் ஏற்றமாட்டேன் என்று வெருட்டினேன். மறுமாதம் அக்கா பேசாமல் பஸ்ஸில் போய்விட்டு வந்தார். நான்தான் இறங்கி வரவேண்டியிருந்தது.

வெள்ளை, விரல் நுனியிலிருந்து புறங்கைக்கு ஏறிய வருடம் ஒரு வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. அக்கா எனக்குச் சொல்லவில்லை. போன வேகத்தில் அவர் திரும்பி வந்ததைக் கண்டு நானே போய்க் கேட்டேன். கிணற்றுக்கட்டில் இருந்து கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் கதிரையிலை இருந்து சொல்லிக் குடுத்தாக் காணுமாம். மாவிலை கை வைக்க வேண்டாமாம்" என்றார்.

"ஆர் அக்கா? எந்த வீடு? உது தொத்து வருத்தம் இல்லையெண்டு நான் போய்ச் சொல்லுறன். இப்பவே போறன்."

"எண்ணெய் காயுது, போ" என்றார். அங்கே அடுப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. அவர் கண் கலங்கியதை நான் முதன்முதலில் கண்டது அன்றுதான். அந்த வீடு எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன் என்பதால்தான் அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு அக்கா மெலியத் தொடங்கினார். கோயிலில் கண்ட சனம், "மெலிஞ்சு வடிவா வந்திட்டியள்" என்றது. வெள்ளை விழாத இடமெல்லாம் கறுத்தது. வெயில் என்றார்கள். உள்ளங்கை ரேகைகூடக் கறுத்துக் கிடந்தது. உள்ளங்கைக்கு எங்கே வெயில் படுகிறது? நான் கேட்டேன். "தாச்சி பிடிச்ச கை" என்றார் அக்கா. வாழ்நாள் முழுக்கச் சீனிப்பாகோடு நின்ற மனுசி உப்புக்கு அலைந்தார். மோர் மிளகாயை வெறும் வாயில் சப்பினார். ஊறுகாய்ப் போத்தலை வழித்து நக்கினார். பகலில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடிப்பார். தைரொயிட் கிளினிக்கில் களைப்பு என்று மட்டும் சொன்னார். களைப்பு அந்த வீட்டு விசயம் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் குளிசையைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகு அக்கா இன்னும் சோர்ந்தார்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம். தமையன் வெளிநாட்டில் என்பதால் தகப்பனுக்கான விரதத்தை அக்காதான் விடாமல் பிடித்து வந்தார். வெறும் வயிறு, கொதிக்கிற வெயில், சனநெரிசல். பெண்கள் குளிக்கும் கேணியின் படியில் இறங்கியவர், திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே சரிந்தார். யார் யாரோ தூக்கினார்கள். யாருடையதோ வான் வண்டியில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு இளம் பெண் டொக்டர். பிரஷர் பிடிபடவில்லை என்று தாதி மிஸ்ஸிக்குச் சொல்வது எனக்குக் கேட்டது. அக்காவின் காதருகே குனிந்து, "அம்மா, உங்களுக்கு வேற என்ன வருத்தம் இருக்கு?" என்று கேட்டார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஒண்டுமில்லை" என்றார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தைரொயிட், வெள்ளை, மூட்டு, கறுப்பு, உப்பு, தலைச்சுற்று, கூட்டிய குளிசை என்று நான் பார்த்த எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டர் அக்காவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பார்த்தார். அங்கேயும் கறுப்பு. உடனே ஏதோ ஊசி போடச் சொன்னார். பின்னேரம் அக்கா எழும்பி இருந்து தேத்தண்ணீர் கேட்டார். மந்திரம் போட்டதுபோல இருந்தது.

மறுநாள் டொக்டர் எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். "உடம்பைக் காவல் காக்கிற எதிர்ப்புச் சக்திதான் உங்கடை உடம்பை அடிக்குது அம்மா. முதல் கழுத்திலை அடிச்சது, பிறகு தோலிலை, மூட்டிலை. இப்ப சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற ஒரு சின்னச் சுரப்பியிலை அடிச்சிருக்கு. இதெல்லாம் தனித்தனி வருத்தமில்லை, ஒரே குடும்பம். அந்தச் சுரப்பி சோர்ந்துபோய்க் கிடக்கேக்கை தைரொயிட் குளிசையை மட்டும் கூட்டினதுதான் உங்களை விழுத்தினது. முதலே எல்லாத்தையும் ஒரு இடத்திலை சொல்லியிருந்தா இவ்வளவுக்கு வந்திராது."

"இனி மாறுமோ டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"மாறாது. குளிசையோடை சமாளிக்கலாம். இன்னும் ஏதும் வந்து சேரவும் கூடும்." பிறகு ஒரு புதுக் குளிசையைக் காட்டினார். "இது உங்கடை உயிர். ஒருநாளும் நிப்பாட்டக்கூடாது. காய்ச்சல் வந்தாக் கூட்டிப் போடவேணும். சத்தி எடுத்தாக் குளிசையும் வெளியிலை வந்திடும், வயித்திலை நிக்காது. அப்ப ஒரு நிமிசமும் பாக்காமல் ஆசுபத்திரிக்கு வந்து, முதல் கதையா இந்தக் குளிசை போடுறன் எண்டு சொல்லவேணும். கேக்காட்டிலும் சொல்லவேணும்."

"ஓம் அம்மா" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. வேலிக்கு மேலால் கறி வரும், பலகாரம் வரும், கதை வராது. ஆடி போய் ஆவணியும் போனது. எனக்கு விசர் பிடித்ததுபோல இருந்தது. கடைசியில் ஒருநாள் அவருடைய விறாந்தையில் போய்க் குந்திக்கொண்டு, "நான் சொல்லாட்டி நீங்கள் அண்டைக்கே செத்திருப்பியள்" என்று கத்தினேன்.

"ஓம். அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ரை உடம்பை நீ ஒண்டொண்டா எடுத்து வைச்ச மாதிரி இருந்தது பிள்ளை. எனக்குக் கூச்சமாக் கிடந்தது. உன்னிலை கோவமில்லை."

அன்றைக்கு நாங்கள் சமாதானமானோம். அவரை நான் திருத்திவிட்டேன் என்றும் நினைத்தேன். மூன்று பைகளையும் ஒரு பையாக்கினேன். அக்கா அதையே கொண்டு திரிந்தார். கிளினிக்குகளில் கேட்டால் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் கேட்டால்தான் சொன்னார்.

கைகள் கொஞ்சம் தேறியதும் திரும்பவும் பலகாரச் சூட்டுக்குப் போகத் தொடங்கினார். கடைசியாகப் போனது தென்மராட்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு. போகும்போது அவருக்குக் காய்ச்சல் இருந்ததாம். எனக்குத் தெரியாது. நான் அன்று கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வேலியால் எட்டிப் பார்த்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றுதான் சொன்னார். முகம் இலேசாகச் சிவந்திருந்தது. அடுப்புக்குப் போகமுன்னமே இப்படியா என்றுகூட நான் பகிடி பண்ணினேன்.

பிறகு அந்த வீட்டுக்காரர் சொல்லித்தான் நடந்ததை அறிந்தேன். மத்தியானம் வரை அடுப்படியில் நின்றிருக்கிறார். கிணற்றடிப் பக்கம் போய்ச் சத்தி எடுத்ததை ஒரு பெட்டை கண்டிருக்கிறாள். "என்னக்கா, ஏலாமல் கிடக்கோ?" என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, எண்ணெய் மணம். உள்ளை போய்ச் சொல்லாதை. கலியாண வீட்டிலை வருத்தக் கதை கூடாது" என்றிருக்கிறார். மல்லித் தண்ணீர் குடித்துவிட்டு, அறைக்குள் கொஞ்சம் சரிகிறேன் என்று போய்ப் படுத்திருக்கிறார். களைத்துப்போய்விட்டார், படுக்கட்டும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். பின்னேரம் எழுப்பினால் எழும்பவில்லை, கண் திறக்காமல் புலம்பியிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தது அவர்கள் ஆசுபத்திரிக்கு ஏற்றும்போதுதான். "உங்கடை பேரைத்தான் புலம்பினவ" என்றாள் அந்த வீட்டு மகள். நான் போனுக்குள் கத்தினேன். "அவ ஒரு குளிசை போடுறவ. போன உடனை டொக்டரிட்டை அதைச் சொல்லுங்கோ. காய்ச்சல் எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ!" அந்தப் பிள்ளை அழுதது. குளிசையின் பெயர் அதன் வாயில் நுழையவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையில் லைன் அறுந்துபோனது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கைதடிப் பக்கத்தால் ஓடினேன். எதிர்க்காற்று. வழி நீளத்துக்கும் அந்தக் குளிசையின் பெயரை நான் உரத்துச் சொல்லிக்கொண்டே போனேன். யாருக்குச் சொன்னேனோ தெரியாது.

நான் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டார்கள். ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள், செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். கீரிமலையில் பலித்தது இங்கே பலிக்கவில்லை. விடியும்போது அக்கா போய்விட்டார். வாயாடி என்று பெயர் எடுத்து என்ன பிரயோசனம்? சொல்லவேண்டிய நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை.

ஆசுபத்திரி விறாந்தையில் கலியாணப் பெண்ணின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எங்கடை வீட்டிலை வைச்சுத்தான் எண்டு வெளியாலை போகவேண்டாம். மாப்பிள்ளை பகுதி சகுனம் பாக்கிற ஆக்கள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மகள் ஒரு மூலையில் நின்று விம்முவதைக் கண்டேன். அது என்ன செய்யும்? தென்மராட்சிப் பக்கம் என்பதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.

செத்த வீட்டுக்கு நல்ல சனம். அக்கா பலகாரம் சுட்ட வீடுகளெல்லாம் வந்திருந்தன. அக்காவுக்கு ஹார்ட் அட்டாக் என்று தமையனிடம் யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். அவர் போன் திரைக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு எல்லா வருத்தத்தின் பெயரும், அந்தக் குளிசையின் பெயரும் எனக்குப் பாடமாக இருந்தன. ஒரு உடம்பு தன்னைத் தானே எப்படி அடிக்கும் என்பதை டொக்டர் சொன்னதுபோலவே சொல்லவும் எனக்குத் தெரிந்திருந்தது.

உரும்பிராயிலிருந்து வந்த ஒரு அம்மா என்னைத் தென்னைமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"நீங்கள்தானே அவவோடை நல்ல ஒட்டு. எங்கடை வீட்டு விசயம் ஏதும் உங்களட்டைச் சொன்னவவோ?"

"இல்லை அம்மா. ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அவருடைய அழுகைச் சத்தம் வாசலுக்குக் கேட்டது. அவருக்குப் பிறகு இன்னொருவர் வந்தார். பிறகு மாமியும் மருமகளுமாக இருவர், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர், தனித்தனியாக வந்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்விதான். எல்லோருக்கும் நான் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. ஒவ்வொருவரும் நிம்மதியாக உள்ளே போய் அழுதார்கள்.

அக்காவுக்கு என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.